முதல் கன்டெய்னர்: விலை பேசுவதிலிருந்து கிடங்கு வரை

முதல் முறை கடல் வழியாகச் சரக்கு வரவழைத்தபோது கப்பல் சொன்ன நாளில் வந்து சேர்ந்துவிட்டது. ஆவணங்கள்தான் வரவில்லை. சரக்கு துறைமுகத்தில் நிற்க, அதை எடுக்கும் உரிமை கையில் இல்லாமல், வாடகை மட்டும் நாள்தோறும் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தொழிலில் நஷ்டம் பெரும்பாலும் கடலில் ஏற்படுவதில்லை, காகிதத்தில்தான் ஏற்படுகிறது என்று புரிந்துகொள்ள அந்த ஓர் அனுபவம் போதுமானதாக இருந்தது.

வேறு நாட்டு உற்பத்தியாளரிடம் பொருள் வாங்கிக் கப்பலில் கொண்டுவர முதன்முறையாக முனைபவருக்காக இதை எழுதுகிறேன். சுங்கத் தீர்வை விகிதமும் உரிமங்களும் நாட்டுக்கு நாடு மாறும். மற்றவை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

1. பொருளுக்குரிய குறியீட்டைக் கண்டுபிடியுங்கள்

விலை பேசும் முன்பே செய்ய வேண்டியது இது. பொருட்களை எண்களால் வகைப்படுத்தும் உலகச் சுங்க அமைப்பின் எச்.எஸ். குறியீட்டு முறை 1988 முதல் நடைமுறையில் உள்ளது. முதல் ஆறு இலக்கங்கள் எல்லா நாடுகளுக்கும் பொது. அதன் பிறகு ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கேற்ப இரண்டு அல்லது நான்கு இலக்கங்களைச் சேர்த்துக்கொள்கிறது. தீர்வை எவ்வளவு, இறக்குமதிக்கு உரிமம் வேண்டுமா, தரச்சான்று வேண்டுமா என்பதெல்லாம் இந்த எண்ணை வைத்தே முடிவாகும்.

விற்பவர் தரும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அவர் தன் நாட்டு ஏற்றுமதிக்கு வசதியான எண்ணைத் தருவார். உங்கள் நாட்டில் தவறான எண்ணுக்கு அபராதம் கட்டப்போவது அவர் அல்ல, நீங்கள். இரண்டு எண்களுக்கிடையே குழப்பம் இருந்தால் சுங்கத் துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் முடிவு கேட்கலாம். 2017-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக எளிமைப்படுத்தல் ஒப்பந்தம் இந்த வசதியைத் தரும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. பதில் வரக் கொஞ்ச காலம் ஆகும் என்பதால், ஆர்டர் கொடுத்த பிறகு கேட்பதில் பயனில்லை.

2. விலைக்குப் பக்கத்தில் உள்ள மூன்றெழுத்தைப் படியுங்கள்

விலைப்புள்ளியில் தொகைக்குப் பக்கத்தில் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். என்று மூன்றெழுத்து இருக்கும். சர்வதேச வர்த்தகச் சபை வகுத்த இன்கோடெர்ம்ஸ் விதிகள் அவை. இப்போது நடப்பிலுள்ள 2020 பதிப்பில் மொத்தம் 11 உண்டு. எந்த இடம் வரை செலவு விற்பவருடையது, எந்த இடத்தில் ஆபத்து வாங்குபவர் தலைக்கு மாறுகிறது என்ற இரண்டையும் இவை தீர்மானிக்கின்றன. இந்த இரண்டும் ஒரே இடத்தில் மாற வேண்டும் என்பதில்லை. புதியவர்கள் சிக்குவது இங்கேதான்.

சி.ஐ.எஃப். விலையில் கப்பல் கட்டணமும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. ஆனால் ஏற்றுமதித் துறைமுகத்தில் சரக்கு கப்பலில் ஏறிய கணமே ஆபத்து உங்களுடையதாகிவிடுகிறது. நடுக்கடலில் சரக்கு நனைந்தால், ‘துறைமுகம் வரை அவர்தானே பணம் கட்டினார்’ என்று வாதாட முடியாது.

இ.எக்ஸ்.டபிள்யூ. என்றால் தொழிற்சாலை வாசலில் விலை. மிகவும் மலிவாகத் தெரியும். அந்த நாட்டில் லாரி பிடிப்பதும் ஏற்றுமதிச் சுங்க நடைமுறைகளை முடிப்பதும் உங்கள் வேலை என்பது பிறகுதான் தெரியும். அங்கே பதிவு பெற்ற நிறுவனம் இல்லாதவர் தொடவே கூடாது. டி.டி.பி. அதற்கு நேர் எதிர்: தீர்வை உட்பட எல்லாவற்றையும் விற்பவரே கட்டி உங்கள் வாசல் வரை கொண்டுவந்து தருவார். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் இறக்குமதி ஆவணம் உங்கள் பெயரில் இல்லாவிட்டால், கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளும் உரிமை போய்விடலாம்.

என் பரிந்துரை எஃப்.சி.ஏ. (விற்பவர் தன் நாட்டில் குறித்த இடத்தில் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வரையிலான விலை) அல்லது எஃப்.ஓ.பி. (அங்குள்ள துறைமுகத்தில் கப்பலில் ஏற்றும் வரையிலான விலை). கன்டெய்னர் சரக்குக்கு எஃப்.சி.ஏ.தான் பொருத்தம் என்பது அந்தச் சபையின் கருத்தும்கூட. கப்பலில் ஏற்றுவதற்கு முன்பே கன்டெய்னர் முனையத்தில் ஒப்படைக்கப்பட்டு விற்பவரின் கையை விட்டுப் போய்விடுகிறதே. இரண்டிலும் கப்பல் கட்டணத்தைப் பேசுவது நீங்கள் என்பதால், செலவு கண்ணுக்குத் தெரியும். மூன்றெழுத்துக்குப் பின்னால் ஊர்ப் பெயரும் ‘இன்கோடெர்ம்ஸ் 2020’ என்ற சொல்லும் இருக்க வேண்டும். ஊர்ப் பெயரில்லாத மூன்றெழுத்துக்கு அர்த்தமே இல்லை.

3. இறங்கிய விலையைக் கணக்கிடுங்கள்

பொருள் உங்கள் கிடங்கில் இறங்கும்போது ஒன்றுக்கு என்ன விலை ஆகிறது என்பதுதான் நீங்கள் அறிய வேண்டிய கணக்கு. ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பொருள் விலை, ஏற்றுமதி நாட்டுச் செலவு, கடல் கட்டணம், எரிபொருள் கூடுதல் கட்டணம், காப்பீடு, இறங்கும் துறைமுகத்தின் முனையக் கட்டணம், கப்பல் நிறுவனம் டெலிவரி ஆர்டர் (சரக்கை எடுக்கும் அனுமதிச் சீட்டு) தருவதற்கான கட்டணம், தீர்வை, அதன் மேல் வரி, சுங்க முகவர் கூலி, உள்நாட்டு லாரி, வங்கிக் கட்டணம், நாணய மாற்றில் போகும் தொகை.

தீர்வையில் ஒரு நுணுக்கம் உண்டு. பல நாடுகள் பொருள் விலையோடு கடல் கட்டணத்தையும் காப்பீட்டையும் சேர்த்த தொகையின் மீதே தீர்வை போடுகின்றன. அமெரிக்கா போன்ற சில நாடுகள் அந்தக் கட்டணங்களைச் சேர்ப்பதில்லை. பொருள் 100, கப்பல் கட்டணம் 12, காப்பீடு 1, தீர்வை 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சேர்க்கும் நாட்டில் தீர்வை 10 அல்ல, 11.30. அதன் பிறகு வரும் வரி 124.30 மீது கணக்கிடப்படும். கடல் கட்டணம் ஏறும் காலத்தில் தீர்வையும் கூடவே ஏறுவதன் காரணம் இது.

இப்படி வந்த தொகையோடு எதிர்பாராச் செலவுக்கென்று ஒரு பங்கைச் சேர்த்த பிறகும் லாபம் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் ஆர்டர் கொடுக்க வேண்டாம். கப்பல் கிளம்பிய பின் இந்தக் கணக்கைப் போடுபவர்களை நிறையவே பார்த்திருக்கிறேன்.

4. பணம் எப்படிக் கொடுப்பது

வழக்கமான ஏற்பாடு 30 சதவீதம் முன்பணம், மீதி 70 சதவீதம் பில் ஆஃப் லேடிங் (சரக்கைப் பெற்றுக்கொண்டு கப்பல் நிறுவனம் தரும் சீட்டு) நகலைக் காட்டியதும். மீதிப் பணம் போகும் முன் தொழிற்சாலையிலேயே தரப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். பணம் போன பிறகு செய்யும் பரிசோதனை, வருத்தப்படுவதற்கு மட்டுமே உதவும்.

தொகை பெரிது, ஆள் புதியவர் என்றால் வங்கியின் கடன் உறுதிக் கடிதம் (எல்.சி.) வழியே போகலாம்: கேட்ட ஆவணங்களை விற்பவர் சரியாகத் தந்தால் வங்கி அவருக்குப் பணம் கொடுக்கும். 2007 முதல் நடப்பிலுள்ள, சர்வதேச வர்த்தகச் சபையின் யு.சி.பி. 600 விதிகள் இதற்குப் பொருந்தும். ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் 5 வங்கி வேலைநாட்கள். அசல் போக்குவரத்து ஆவணங்கள் கப்பலேற்றிய 21 நாட்களுக்குள் வங்கிக்கு வந்தாக வேண்டும். வங்கி ஆவணத்தை மட்டுமே பார்க்கும், சரக்கைப் பார்க்காது என்பதை மறந்துவிடாதீர்கள். பெட்டிக்குள் செங்கல் இருந்தாலும் காகிதம் சரியாக இருந்தால் பணம் போய்விடும். ஆகவே பரிசோதனைச் சான்றிதழையும் தேவையான ஆவணங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி மின்னஞ்சல் வழியாக வரும். “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, மீதியைப் புதிய கணக்கில் போடுங்கள்” என்று விற்பவர் பெயரிலேயே கடிதம் வரும். பழைய கடிதத் தொடரின் கீழேயே, அவர் நடையிலேயே வரும். பணம் அனுப்புமுன், உங்களிடம் முன்பே உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யுங்கள். அந்த மின்னஞ்சலில் தந்திருக்கும் எண்ணை அழைத்தால் திருடரே எடுத்து உறுதி செய்வார்.

5. முழுக் கன்டெய்னரா, பங்குச் சரக்கா

20 அடிக் கன்டெய்னரின் கொள்ளளவு சுமார் 33 கன மீட்டர், 40 அடியில் சுமார் 67, உயரமான 40 அடியில் சுமார் 76. பெட்டிகளின் வடிவத்தால் இடைவெளி விழும் என்பதால் 20 அடிக்குள் 25 முதல் 28 கன மீட்டர் ஏறினாலே நல்லது. கனமான பொருளென்றால் இடம் நிறையும் முன் எடை வரம்பு வந்துவிடும். 40 அடியில் இடம் இரு மடங்கு என்றாலும் தாங்கும் எடை இரு மடங்கு அல்ல.

சரக்கு குறைவென்றால் பிறர் சரக்கோடு பங்குக் கன்டெய்னரில் அனுப்பலாம். கன மீட்டர் கணக்கா, டன் கணக்கா, எது அதிகமோ அதற்குக் கட்டணம். இதில் கடல் கட்டணம் ஏறக்குறைய இலவசம் என்று சொல்லும் விலைப்புள்ளி வந்தால் உஷாராகுங்கள். அந்தப் பணம் இறங்கும் துறைமுகத்தில், பெயரே கேள்விப்படாத கட்டணங்களாக உங்களிடம் வசூலாகும். ‘இறங்கும் துறைமுகக் கட்டணங்கள் அனைத்தையும் வரிவரியாக எழுதித் தாருங்கள்’ என்று கேளுங்கள். தரத் தயங்கும் சரக்கு முகவரை (கப்பலில் இடம் பிடித்துச் சரக்கை அனுப்பித் தருபவரை) விட்டுவிடலாம். சரக்கு 15 கன மீட்டரை நெருங்கினால் முழு 20 அடிக் கன்டெய்னருக்கும் விலை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வித்தியாசம் சிறிதாகவே இருக்கும், பிறர் ஆவணக் கோளாறுக்காக உங்கள் பெட்டி காத்துக் கிடக்கவும் வேண்டாம்.

அவசரமென்று விமானத்தை யோசித்தால், அங்கே 6,000 கன சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ என்று கணக்கு. ஒரு கன மீட்டர் தலையணையும் 167 கிலோவாகக் கருதப்படும்.

6. புக்கிங்: மூன்று கடைசி நேரங்கள்

கப்பல் புறப்படும் நாளை மட்டும் கேட்டு வைத்துக்கொள்வது போதாது. அதற்கு முன் மூன்று கெடுக்கள் உண்டு: பில் ஆஃப் லேடிங்குக்கான விவரங்களை அனுப்பும் கெடு, கன்டெய்னரின் சரிபார்த்த எடையை அறிவிக்கும் கெடு, கன்டெய்னர் முனையத்துக்குள் நுழையும் கெடு. மூன்றும் கப்பல் கிளம்பச் சில நாட்களுக்கு முன்பே முடிந்துவிடும். ஒன்று தவறினாலும் அடுத்த கப்பல்தான். 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை அறிவிக்கப்படாத கன்டெய்னரைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது கடல் பாதுகாப்பு ஒப்பந்தத்தின் விதி. அறிவிக்க வேண்டியவர் சரக்கை அனுப்புபவர்.

கப்பல் அட்டவணை என்பது வாக்குறுதி அல்ல. 2023 இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது பெரிய நிறுவனங்கள் சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையிலான பயணத்தில் 10 நாட்களுக்கு மேல் கூடியது. இடையில் கப்பல் மாறும் வழி என்றால், மாறும் துறைமுகத்தில் கன்டெய்னர் ஒரு வாரம் கிடப்பது சாதாரணம். கட்டணம் கொஞ்சம் கூடினாலும் முதல் சரக்குக்கு நேரடிக் கப்பலையே எடுங்கள்.

சீனாவிலிருந்து வாங்குபவர்கள் சீனப் புத்தாண்டு விடுமுறையைக் கணக்கில் கொள்ள வேண்டும். விடுமுறைக்கு முந்தைய வாரங்களில் கப்பலில் இடம் கிடைப்பது கடினம், முடிந்த பிறகும் தொழிற்சாலைகள் உடனே வேகம் பிடிப்பதில்லை.

7. ஆவணங்கள்: கப்பலுக்கு முன் வரவேண்டியவை

எல்லாப் படிகளிலும் இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

*வணிக இன்வாய்ஸ்.* பொருளின் பெயர் சுங்கத்துக்குப் புரியும்படி இருக்க வேண்டும். ‘உதிரி பாகம்’ என்று எழுதினால் கேள்வி வரும். என்ன பொருள், எதனால் ஆனது, எதற்குப் பயன்படுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றெழுத்து, நாணயம், எச்.எஸ். எண், உற்பத்தி நாடு ஆகியவையும் வேண்டும். தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்துக் காட்டவா என்று சில விற்பனையாளர்கள் தாமாகவே கேட்பார்கள். வேண்டாம். குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்க, சரக்கு அழிந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலையைத்தான் தரும்.

*பேக்கிங் லிஸ்ட்.* எத்தனை பெட்டி, ஒவ்வொன்றின் நிகர எடை, மொத்த எடை, அளவு. இன்வாய்ஸோடும் பில் ஆஃப் லேடிங்கோடும் ஒரு கிலோகூட முரண்படக் கூடாது.

*பில் ஆஃப் லேடிங்.* சரக்கைப் பெற்றதற்கான ரசீது, போக்குவரத்து ஒப்பந்தத்தின் சான்று, சரக்கின் உரிமைச் சீட்டு என மூன்று வேலைகளைச் செய்கிறது. வழக்கமாக மூன்று அசல்கள் தருவார்கள். ஓர் அசலையாவது ஒப்படைக்காமல் சரக்கைத் தர மாட்டார்கள். அசல் கூரியரில் வர வேண்டும். பயணம் குறுகியது என்றால் கப்பல் முந்திக்கொள்ளும். நம்பிக்கையான விற்பனையாளர் என்றால், பணம் கொடுத்ததும் அசலை ஏற்றுமதித் துறைமுகத்திலேயே ஒப்படைத்து ‘டெலக்ஸ் ரிலீஸ்’ செய்யச் சொல்லுங்கள். காகிதம் பயணிக்க வேண்டியதில்லை. உறுதிக் கடிதம் வழியே வாங்கும்போது இது பொதுவாக நடக்காது. அசல் தாமதமானால் உங்கள் வங்கியிடம் கப்பல் உத்தரவாதம் (அசல் வந்ததும் ஒப்படைப்போம் என்று கப்பல் நிறுவனத்துக்கு வங்கி தரும் உறுதி) கேட்டுச் சரக்கை எடுக்கலாம், அதற்கும் கட்டணம் உண்டு.

சரக்கு முகவர் தரும் ஹவுஸ் பில் வேறு, கப்பல் நிறுவனம் தரும் மாஸ்டர் பில் வேறு. உங்கள் கையில் இருப்பது ஹவுஸ் பில் என்றால், இறங்கும் துறைமுகத்தில் அந்த முகவரின் கூட்டாளி யார் என்று கப்பல் கிளம்பும் முன்பே கேட்டு வையுங்கள். ஹவுஸ் பில்லை எடுத்துக்கொண்டு நேரே கப்பல் நிறுவனத்தின் கவுன்ட்டருக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

*உற்பத்தி நாட்டுச் சான்று.* இரு நாடுகளுக்கிடையே வர்த்தக ஒப்பந்தம் இருந்தால் தீர்வைச் சலுகை இதைக் காட்டினால்தான் கிடைக்கும். கப்பலேற்றும் சமயத்திலேயே வாங்கச் சொல்லுங்கள். பின்னர் வாங்கும் சான்றுகளைச் சுங்க அதிகாரிகள் துருவித் துருவிப் பார்ப்பார்கள்.

*மரப் பொதி முத்திரை.* மரத் தட்டோ (பேலட்) மரப்பெட்டியோ இருந்தால், மரத்தில் பூச்சி பரவாதபடி பதப்படுத்தியதைக் காட்டும் ஐ.எஸ்.பி.எம். 15 முத்திரை வேண்டும். மரத்தின் உள்மையம் வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டதற்கான ‘எச்.டி.’ குறி பெரும்பாலும் இருக்கும். முத்திரையில்லாத தட்டுக்காக முழுக் கன்டெய்னரும் திருப்பி அனுப்பப்படலாம். பிளைவுட் தட்டு பயன்படுத்தினால் இந்தத் தலைவலி இல்லை.

இவை எல்லாவற்றின் வரைவுகளையும் கப்பல் கிளம்பும் முன் மின்னஞ்சலில் வாங்கி, அருகருகே வைத்துச் சரிபாருங்கள். நிறுவனப் பெயரின் எழுத்து, முகவரி, கன்டெய்னர் எண், சீல் எண். கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஆறு இலக்கமும், கடைசியில் தனியாக ஒரு சரிபார்ப்பு இலக்கமும் இருக்கும். வரைவில் திருத்துவது இலவசம். கப்பல் கிளம்பிய பின் திருத்தினால் காசு, இறங்கும் நாட்டில் சரக்குப் பட்டியல் பதிவான பின் திருத்தினால் காசோடு அபராதமும் வரலாம்.

8. காப்பீட்டை நீங்களே எடுங்கள்

கப்பல் நிறுவனத்தின் பொறுப்பு மிகக் குறைவு. பல நாடுகள் பின்பற்றும் ஹேக்-விஸ்பி விதிகளின்படி ஒரு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., இதில் எது அதிகமோ அதுதான் வரம்பு. சி.ஐ.எஃப். விலையில் விற்பவர் எடுத்துத் தரும் காப்பீடும், மிகக் குறைந்த பாதுகாப்புள்ள ‘சி’ பிரிவு அளவுக்கு இருந்தால் போதும் என்பதே விதி. கப்பல் மூழ்குவது, தீ போன்ற பெரிய விபத்துகளுக்கு மட்டுமே அது உதவும், திருட்டுக்கு உதவாது. மிக விரிவான ‘ஏ’ பிரிவில், இன்வாய்ஸ் மதிப்பும் கட்டணமும் சேர்ந்த தொகையின் 110 சதவீதத்துக்கு எடுங்கள்.

சரக்குக்குச் சேதமே இல்லாவிட்டாலும் காப்பீடு தேவைப்படும் ஒரு சந்தர்ப்பம் உண்டு. 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கியது. ஆறு நாட்களில் மீண்டாலும் ஜூலை 7 வரை அதை எகிப்து விடவில்லை. கப்பல் உரிமையாளர்கள் ‘பொதுச் சராசரி’ அறிவித்தார்கள். அதாவது, கப்பலையும் சரக்கையும் காப்பாற்ற ஆன செலவைச் சரக்கின் உரிமையாளர்களும் பங்கிட்டுக் கொள்ள வேண்டும். உத்தரவாதம் தராதவருக்குச் சரக்கு கிடைக்காது. காப்பீடு எடுத்திருந்தால் அந்த உத்தரவாதத்தை நிறுவனம் தந்துவிடும். எடுக்காதவர் கையிலிருந்து ரொக்கம் கட்ட வேண்டும்.

9. துறைமுகத்தில் ஓடும் இரண்டு மீட்டர்கள்

சரக்கு நிரம்பிய கன்டெய்னர் முனையத்தில் இலவச நாட்களுக்கு மேல் நின்றால் டெமரேஜ். வெளியே எடுத்துச் சென்ற கன்டெய்னரைக் காலியாகத் திருப்பத் தாமதித்தால் டிடென்ஷன். இவற்றை வசூலிப்பது கப்பல் நிறுவனம். முனையத்தின் தரை வாடகை சில இடங்களில் தனியாக வரும். கட்டணம் படிப்படியாக ஏறும். முதல் சில நாட்களைப் பார்த்து அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இலவச நாட்களில் விடுமுறைகளும் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள்.

கூடுதல் இலவச நாட்களைப் புக்கிங்கின்போதே கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். கப்பல் வந்த பிறகு கேட்டால் கெஞ்ச வேண்டியிருக்கும். சுங்கப் பதிவைக் கப்பல் வருமுன்பே தாக்கல் செய்ய அனுமதிக்கும் நாடுகள் பல. அனுமதி இருந்தால் தாக்கல் செய்துவிடுங்கள். தீர்வைப் பணம் கணக்கில் தயாராக இருக்கட்டும். லாரியும் கிடங்கில் இறக்கும் ஆட்களும் எந்த நாள் என்று முடிவாகட்டும். சுங்கம் பெட்டியைத் திறந்து பரிசோதிக்க முடிவு செய்தால் இரண்டு மூன்று நாட்கள் போகும். அந்தச் செலவும் உங்களுடையதுதான்.

10. பெட்டி திறக்கும் நாள்

சீலை வெட்டுமுன் அதன் எண்ணைப் பில் ஆஃப் லேடிங்கோடு ஒப்பிட்டுப் படம் எடுங்கள். கதவைத் திறந்ததும், இறக்கும்போதும் படம் எடுங்கள். வெளியே தெரியும் சேதத்தை லாரிக்காரர் தரும் ரசீதிலேயே எழுதுங்கள். ‘நல்ல நிலையில் பெறப்பட்டது’ என்று கையெழுத்திட்ட பிறகு பேச்சு எடுபடாது. வெளியே தெரியாத சேதம் என்றால் 3 நாட்களுக்குள் கப்பல் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வழக்குத் தொடுக்க ஹேக்-விஸ்பியின்படி ஓர் ஆண்டுதான் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் பார்க்கும் வரை நனைந்த பெட்டிகளைத் தூக்கி எறிய வேண்டாம்.

காலிக் கன்டெய்னரைப் பெருக்கிச் சுத்தம் செய்து, உட்புறத்தைப் படம் பிடித்துவிட்டுத் திருப்புங்கள். ஒப்படைத்த ரசீதையும் வாங்கி வையுங்கள். பழைய நசுங்கலுக்குப் பல வாரங்கள் கழித்து உங்கள் பெயரில் பில் வருவது உண்டு.

11. அடுத்த ஆர்டரை எப்போது கொடுப்பது

உற்பத்திக்கு எத்தனை நாள், துறைமுகம் சேர எத்தனை, கடலில் எத்தனை, சுங்கத்தில் எத்தனை என்று ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனியே குறித்து வையுங்கள். நாளொன்றுக்கு 20 விற்கிறது, ஆர்டரிலிருந்து கிடங்கு வரை சராசரி 75 நாள் என்றால், கையிருப்பு 1,500 ஆனதும் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் மிக மோசமான முறை 95 நாள் ஆகியிருந்து, விற்பனை நாளொன்றுக்கு 25 வரை போகுமென்றால், 2,375 இருக்கும்போதே கொடுத்தாக வேண்டும். இடையிலுள்ள 875-தான் உங்கள் பாதுகாப்பு இருப்பு. அதில் முடங்கும் பணத்துக்கான வட்டியை, மூன்றாவது படியில் எழுதிய தாளில் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.